ஜெஸ்ஸி ஜேம்ஸ் ஊருக்குப் பெண்ணை அனுப்பியவர்

அமெரிக்காவில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்றொரு கொள்ளைக்காரன் இருந்தான். அவன் செத்து நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொல்லிமலை பஸ்ஸில், காலடியில் பலாப்பழ மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அவனை நினைத்து முந்தானையால் மூக்கைத் துடைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அழவைத்தவர், அந்த மலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியைச் சேர்ந்த குப்புசாமி.

குப்புசாமிக்கு மிளகுக்கொடி ஏறிய கொஞ்சம் காடு, ஒரு துண்டு மரவள்ளி, வீட்டைச் சுற்றிச் சில பலாமரங்கள். மனைவி அம்சவேணி, ஒரே மகள் கலைச்செல்வி. மலையில் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். மற்றவர்களிடம் இல்லாதது அவர் தலையிலிருந்த தொப்பி. மலை பார்க்க வந்த யாரோ அருவிக்கரையில் விட்டுவிட்டுப் போன, அகல விளிம்பு வைத்த தொப்பி அது. மிளகு பறிக்க ஏணியில் ஏறும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். "கண்ணு தெரியாம விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று அம்சவேணி கீழேயிருந்து கத்துவாள். "கௌபாய் விழுவானா?" என்பார் மேலேயிருந்து. ஒரு தடவை விழுந்தார். அதைப் பற்றி மட்டும் அவரிடம் யாரும் பேசக் கூடாது.

இளவட்டமாக இருந்தபோது அவர் மலையை விட்டு இறங்கி, அடிவாரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கிற வேலை பார்த்தார். தமிழ் பேசுகிற வெள்ளைக்காரர்கள் குதிரையில் வந்து, படபடவென்று சுட்டுத் தள்ளிவிட்டு, புழுதி கிளப்பிக்கொண்டு போகிற படங்கள் அங்கே மாற்றி மாற்றி ஓடும். கொட்டகையை மூடிவிட்டார்கள். குப்புசாமி மலைக்குத் திரும்பினார். ஆனால் குதிரைகள் மண்டையை விட்டு இறங்கவில்லை. சோளக்காட்டுச் சந்தைக்குப் போன இடத்தில், பொரி மடிக்க வைத்திருந்த பழைய பேப்பர் கட்டில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. அமெரிக்கக் கொள்ளைக்காரர்களின் சரித்திரம். அதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து மனப்பாடம் பண்ணிவிட்டார். அதற்குப் பிறகு மனுஷனை யார் பிடிப்பது?

மலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. இறங்க ஆகிற நேரத்துக்கு ஒரு முழு ஆயுசைச் சொல்லி முடித்துவிடலாம். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு குப்புசாமியுடையது. ஒருநாள் பில்லி என்கிற கொள்ளைக்காரனை ஆரம்பித்தார். பக்கத்து ஊர்க் கண்ணாயி, சந்தைக்குப் பலா கொண்டுபோகிறவள், வாய் என்றால் வாய், உடனே காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டாள்.

"காலங்காத்தால பில்லி சூனியம் பேசறயே, உனக்கு நல்லாருக்குதா? எம் பேரப்புள்ளைக்கு ஏற்கனவே மேலுக்குச் சொகமில்ல!"

"அட, இது ஆளு பேருக்கா! பில்லி! இருட்டு ரூம்புல எவனோ உக்காந்திருக்கான். உள்ள வந்த பில்லி 'யாரு அது, யாரு அது'ன்னு கேக்கறான். அதுக்குள்ள சுட்டுப்புட்டானுவ."

"பின்ன, பேரு அப்படி வெச்சா வேற எப்படிச் சாவான்?" என்றாள் கண்ணாயி. பஸ்ஸே சிரித்தது.

ஆனால் ஜெஸ்ஸியின் சாவைச் சொல்லும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். பேரை மாற்றிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு சின்ன ஊரில் ஒளிந்திருந்தான். கூட்டாளி ஒருத்தன் அவன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு தங்கியிருந்தான். ஒரு காலை நேரம், ஜெஸ்ஸி இடுப்பிலிருந்த துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் மாட்டிய படத்தில் தூசி இருக்கிறதே என்று நாற்காலி மேல் ஏறித் துடைத்தான். முதுகுக்குப் பின்னால் நின்ற கூட்டாளி பரிசுக்கு ஆசைப்பட்டுச் சுட்டுவிட்டான். இந்த இடத்தில் குப்புசாமி தொப்பியைக் கழற்றுவார். "அடப்பாவி, சோறு போட்ட ஊட்டுலயேவா!" என்று கண்ணாயி மூக்கைச் சிந்துவாள். ஒவ்வொரு தடவையும் சிந்துவாள்.

வீட்டில் அவருக்கும் ஒரு துப்பாக்கி இருந்தது. அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி, குழல் வழியாக மருந்து இடித்துச் சுடுவது. மரவள்ளியைக் கிண்டுகிற காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்தார். லைசென்ஸ் கிடையாது. போலீஸ் ஜீப் மைக் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வந்தது. தானாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் கேஸ் இல்லை என்றார்கள். நிறையப் பேர் கொடுத்துவிட்டார்கள். குப்புசாமி மசியவில்லை. கூரைச் சந்தில் செருகி வைத்துக்கொண்டு, "ஜெஸ்ஸி குடுப்பானா?" என்றார். அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் அதைக் கொடுக்க வைத்தது மகள்தான். கலைச்செல்வி நர்ஸிங் படித்தாள், சேலத்திலும் கோயம்புத்தூரிலும் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தாள், என்னென்னவோ பரீட்சை எழுதினாள். ஒருநாள் வந்து, அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். பாஸ்போர்ட்டுக்கு வீட்டுக்குப் போலீஸ் வந்து விசாரிப்பார்கள். மறுநாளே குப்புசாமி துப்பாக்கியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். இதில் இருக்கிற வேடிக்கை அப்போது அவருக்கு உறைக்கவில்லை. துப்பாக்கி வைத்திருக்கக் கூடாத ஊரிலிருந்து, கடையில் போய்த் துப்பாக்கி வாங்கிவரலாம் என்கிற ஊருக்குத்தான் அவர் பெண்ணை அனுப்பினார்.

உறைக்காமல் போனதற்கு வேறு காரணமும் உண்டு. கலைச்செல்வி செல்லில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள்.

"அப்பா, மிசௌரிங்கற மாநிலம். செயின்ட் ஜோசப்னு ஊரு. எங்கயோ கேட்ட பேரா இருக்குதுங்களா?"

குப்புசாமி திக்குமுக்காடிப் போனார். நாற்காலி, படம், முதுகில் குண்டு, எல்லாம் நடந்த ஊர் அதுதான். "அட எஞ் சாமி! நம்ம ஜெஸ்ஸி ஊரு!" என்று எழுந்து குதித்தார். கல்யாணம் ஆகாத பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று பங்காளிகள் முறைத்துக்கொண்டு வந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் இவர் ஒற்றை ஆளாக நின்று சண்டை போட்டார். "எம் புள்ள போவா. பத்து மலைக்குக் கேக்கற மாதிரிப் பேரு வாங்குவா. எவனுக்கு வவுறு எரியுதோ எரியட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவள் போன பிறகு ஒரு மாசம் பஸ்ஸில் வேறு கதையே இல்லை.

அப்புறம் டிவியில் செய்தி பார்க்க ஆரம்பித்தார். அதுதான் வினையாகப் போயிற்று. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் சுட்டார்கள், கடைவீதியில் சுட்டார்கள், சாமி கும்பிடுகிற இடத்தில் சுட்டார்கள். ஒரு தடவை அவள் ஊருக்குக் கொஞ்ச தூரத்திலேயே, விளையாட்டில் ஜெயித்ததற்காக ஊர்வலம் போன கூட்டத்துக்குள் சுட்டுவிட்டார்கள். குதிரையும் இல்லை, புழுதியும் இல்லை, ஒரு காரணமும் இல்லை. செத்தவர்களின் படங்களை வரிசையாகக் காட்டும்போது குப்புசாமி எழுந்து வெளியே போய்விடுவார்.

அவளோ அவசர சிகிச்சை வார்டில்தான் வேலை பார்த்தாள்.

"குண்டடி பட்டவங்க வாராங்களா சாமி?"

"வாராங்கப்பா. எல்லா நாளும் இல்ல."

"எத்தன வயசு ஆளுங்க?"

"அது எதுக்குங்கப்பா உங்களுக்கு? சாப்பிட்டீங்களா?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு பஸ்ஸில் குப்புசாமி கதை சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்டால், "தொண்ட கட்டியிருக்குது" என்பார். அந்தத் தொண்டை மூன்று வருஷமாகக் கட்டியிருந்தது. தொப்பியை மட்டும் பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பெண்ணைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஏணியில் நின்றால் அவள் நினைப்பு, சோற்றில் கை வைத்தால் அவள் நினைப்பு. கிணற்றோரப் பலாமரத்துப் பழமென்றால் கலைச்செல்விக்கு உயிர். ஒவ்வொரு வருஷமும் அந்த மரத்தில் ஒரு பழத்தை அறுக்காமல், சாக்குக் கட்டி விட்டு வைப்பார். அது பழுத்து, வெடித்து, ஈ மொய்த்து, தொப்பென்று விழும். "ஒரு வார்த்த வான்னு சொல்ல முடியல, பழத்த அழுவ விடறாரு" என்று அம்சவேணி மாட்டைத் திட்டுகிற சாக்கில் அவரைத் திட்டுவாள்.

அவள் சொன்னது நிஜம்தான். வருஷா வருஷம் கலைச்செல்வி செல்லில் கேட்பாள்: "லீவு போட்டுட்டு வரட்டுங்களாப்பா?" குப்புசாமிக்கு நெஞ்சு எகிறிக் குதிக்கும். ஆனால் வாயிலிருந்து வருவதோ, "அவசரமில்ல சாமி. உஞ் சௌரியத்தப் பாத்துக்க. இங்க என்ன இருக்குது?" ஊர்க்கூட்டத்தில் துண்டை உதறிப் பேசிய வாயல்லவா! வா என்று கூப்பிட்டால், பயந்து போய்த் திரும்ப அழைத்துக்கொண்டான் என்று பங்காளிகள் சிரிப்பார்களே. அந்த வீறாப்பு அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

போன பங்குனியில் கலைச்செல்வி ஜெஸ்ஸியின் வீட்டைப் பார்க்கப் போனாள். அதை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சுவரில் குண்டு துளைத்ததாகச் சொல்கிற ஓட்டைக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டியிருந்தார்களாம். அவளுக்கு அது மனசில் நிற்கவில்லை. வேறொன்று நின்றது.

"அப்பா, நீங்க அவங்கம்மாவப் பத்திச் சொன்னதே இல்லீங்களே?"

"அம்மாவா? புஸ்தகத்துல அந்தப் பக்கம் கிழிஞ்சிருந்துச்சோ என்னமோ."

"அவனத் தேடி வந்தவங்க ஊட்டுக்குள்ள வெடிக்கற சாமானத் தூக்கிப் போட்டு, அந்தம்மாவுக்கு ஒரு கையே போயிருச்சுங்கப்பா. அந்தம்மாவோட கடைசிப் பையன், சின்னவன், செத்துட்டான். பொறவு ஜெஸ்ஸியும் செத்தப்போ, அவன மயானத்துல வெக்க வேண்டாம்னு சொல்லிருச்சாம். தன் ஊட்டு முத்தத்துலயே பொதைச்சுக்கிச்சாம். உள்ளயிருந்து சன்னல்ல பாத்தா குழி தெரியற மாதிரி."

இத்தனை காலம் குதிரையையும் துப்பாக்கியையும் சொன்னோமே, இந்த அம்மாவை விட்டுவிட்டோமே என்று குப்புசாமிக்கு இருந்தது. அன்றைக்கு முழுக்க அந்தச் சன்னல் அவர் கண்ணிலேயே நின்றது.

இது நடந்து பலாப்பழக் காலமும் வந்தது. அவர்கள் வீட்டில் செல்லுக்குச் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவில், பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கு வந்தால்தான் கிடைக்கும். தினம் காலையில் அங்கே வந்து நின்று, வந்த செய்திகளைக் கேட்டுவிட்டுப் போவார். அன்றைக்குக் கலைச்செல்வியிடமிருந்து ஒன்றும் இல்லை. அவளோடு தங்கியிருக்கிற பானுமதி குரலில் பேசி அனுப்பியிருந்தாள். பானுமதியும் நர்ஸ்தான், மெட்ராஸ் பெண். மூச்சு விடாமல் பேசுகிறவள்.

"அங்கிள், நான் பானு பேசறேன். டென்ஷன் ஆவாதீங்க. கடைக்குப் போன இடத்துல கலை போன சுட்டுட்டாங்க. போலீஸ்லாம் வந்துட்டுப் போயாச்சு. ரெண்டு நாளைக்கு அவளால பேச முடியாது, அதான் நான் சொல்றேன். எனக்கு டூட்டிக்கு டைம் ஆச்சு. வெச்சிடறேன்."

குப்புசாமி இன்னொரு தடவை கேட்டார். கலை போனாள். சுட்டுவிட்டார்கள். போலீஸ் வந்துவிட்டது. பேச முடியாது.

பானுமதியைத் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது, எடுக்கவில்லை. டூட்டியில் இருப்பவர்கள் செல்லைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் போவார்கள் என்று மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. மகளின் நம்பரோ அணைத்துக் கிடந்தது. வீட்டுக்குப் போய் அம்சவேணியிடம் என்னவென்று சொல்வது? நாமக்கல்லில் கலைச்செல்வியைப் பரீட்சைக்குத் தயார் பண்ணிய விஜயா டீச்சர் இருக்கிறார். அவருக்கு ஆஸ்பத்திரி நம்பர் தெரியும். இறங்கிப் போய் அவரைப் பார்ப்பது என்று முடிவு செய்தார். பஸ் வந்து நின்றது. ஏறினார்.

பின்சீட்டில் உட்கார்ந்தவருக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. அந்த வெள்ளைக்காரி மகராசி, ஒற்றைக் கையோடு இருந்தாலும் மகனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள். எனக்கு அதுவும் இல்லையே, என் பிள்ளை எந்த ஐஸ் பெட்டியில் கிடக்கிறதோ, வரட்டுமா வரட்டுமா என்று கேட்டதே, நான்தானே பாவி வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று உள்ளே அரற்றினார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

கண்டக்டர் மணிவண்ணன் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தான். ராசிபுரத்துக்காரன், குஷியான ஆள். முன்பு மெட்ராஸில் கம்பெனி வேலையில் இருந்துவிட்டு வந்தவன். குப்புசாமியின் தொண்டை எப்போது சரியாகும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பவன் அவன்தான்.

"குப்பண்ணா, இன்னைக்காச்சும் ஒரு கதைய எடுத்து உடுங்க. அடிவாரம் போறதுக்குள்ள ஜெஸ்ஸியச் சுட்டுரலாம்!"

"சுட்டது போதுண்டா!"

அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். கூரை மேலிருந்த பலாப்பழங்கள் உருண்டன. குப்புசாமி எழுந்து நின்றார். "எம் புள்ளயச் சுட்டுட்டாங்கடா மணி! எங் கலையச் சுட்டுட்டாங்க!"

கண்ணாயி, "ஐயோ எஞ் சாமி!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவரைப் பிடித்துக்கொண்டாள். வண்டியை ஒரு வளைவில் ஓரங்கட்டினார்கள். மணிவண்ணன் வெளிறிப்போய், "யாரு சொன்னது?" என்றான். குப்புசாமி செல்லை நீட்டினார். அவன் காதில் வைத்துக் கேட்டான். புருவம் சுருங்கிற்று. மறுபடி கேட்டான். அப்புறம், கடவுளே, சிரித்துவிட்டான்.

குப்புசாமி அவன் சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டார்.

"அடிங்கண்ணா, இன்னும் ரெண்டு அடிங்க, பரவால்ல!" என்றான் மணிவண்ணன். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. 'கலை போன'ன்னா, கலையோட போனை. செல்லை! சுட்டுட்டாங்கன்னா களவாண்டுட்டாங்க. மெட்ராஸ்ல அப்படித்தான் பேசுவாங்க. எஞ் செருப்பக்கூட அங்க கோயில் வாசல்ல சுட்டுட்டாங்கண்ணா!"

குப்புசாமிக்குப் புரிய நேரம் பிடித்தது. வளப்பூர் நாட்டில் போன் என்று யார் சொல்கிறார்கள்? செல்லு. களவு போனால் களவு போச்சு. சுடுவதென்றால் கிழங்கைச் சுடலாம், பன்றியைச் சுடலாம், மனுஷனைச் சுடலாம், செருப்பை எப்படிச் சுடுவது? மணிவண்ணன் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தித் திரும்பப் போட்டுக் காட்டினான். செல் இல்லாததால்தான் அவளால் பேச முடியாது. டென்ஷன் ஆகாதீர்கள் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லியிருக்கிறாள்.

"திருட்டுக்கும் சாவுக்கும் ஒரே வார்த்தையா? வெளங்குவாளுகளா இவளுக!" என்று கண்ணாயி மெட்ராஸையே மண்ணை வாரித் தூற்றினாள். குப்புசாமி பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, ஏங்கி ஏங்கி அழுதார். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் பஸ் நின்றது. யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

மேலே ஏறிவந்த வேறு பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார். அம்சவேணியிடம் செல் களவு போன கதையை மட்டும் சொன்னார். சாயங்காலம் இரண்டு பேரும் புளியமரத்தடிக்கு வந்து நின்றார்கள். டூட்டி முடிந்து வந்துவிட்ட பானுமதியின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது கலைச்செல்வி.

"அப்பா."

அவர் செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டார். "சாமி... நல்லாருக்கறயா கண்ணு? செல்லு போனாப் போவுது, கழுத. உன்னைய ஒண்ணும் பண்ணலயே?"

"அம்மா பக்கத்துல இருக்கறாங்களா? கொஞ்சம் தள்ளிப் போங்கப்பா" என்றாள். அவர் மைல்கல் வரைக்கும் நடந்தார்.

"துப்பாக்கியக் காட்டித்தாங்கப்பா புடுங்கிட்டுப் போனான். கார் நிறுத்தற எடத்துல. நெஞ்சுக்கு நேரா வெச்சான். பானுகிட்ட இத உங்களுக்குச் சொல்லாதேன்னு சொல்லியிருந்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "சின்ன வயசுதாங்கப்பா. கை வெடவெடன்னு ஆடுச்சு. உங்க கதையில வார யாருக்கும் கை ஆடாதில்லீங்களா? இவனுக்கு ஆடுச்சு. அதப் பாத்துத்தான் எனக்குப் பயம். சுடோணும்னு நெனைக்காமயே சுட்ருவானோன்னு."

குப்புசாமி தொப்பியைக் கழற்றினார். காலையில் அவர் தப்பாகக் கேட்ட வார்த்தை நிஜமாகாமல் போனது, அந்த நடுங்குகிற விரல் அழுத்தாமல் விட்டதால்தான்.

"அப்ப எனக்கு அந்தம்மா சன்னல்தாங்கப்பா ஞாபகத்துக்கு வந்துச்சு. எங்கப்பா எந்தச் சன்னல்ல நின்னு பாப்பாருன்னு."

"கலை, ஊட்டுக்கு வா."

குப்புசாமி மைல்கல்லைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துரு சாமி. எனக்கு உன்னப் பாக்கோணும். நீ போன நாள்லயிருந்து பாக்கோணும். சோறு எறங்கல, தூக்கம் புடிக்கல. ஊர்ல எவன் என்ன சொன்னா எனக்கென்ன? வந்து ஒரு மாசம் இரு, இல்ல இங்கயே இரு, உன் இஷ்டம். எங் கண்ணு முன்னால கொஞ்ச நாள் நடந்துட்டுப் போ."

கலைச்செல்வி அழுதாள். அழுகைக்கு நடுவில் கோபமும் வந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்கப்பா? வருசா வருசம் வரட்டுமா வரட்டுமான்னு கேட்டனே! அவசரமில்லம்பீங்க. சரி, அப்பாவுக்கு நம்மளப் பாக்கறதவிட நம்ம இங்க இருக்கறதுதான் பெருமையாட்ட இருக்குதுன்னு, டிக்கெட்டுப் பாக்கறதயே விட்டுட்டேன். நாலு வருசம்ப்பா. நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நாலு தடவ வந்திருப்பேன்."

"பெருமைல மண்ணப் போடு. நாஞ் சொன்னதெல்லாம் பொய்யி சாமி."

"லீவு கேக்கறேன். எப்படியும் ரெண்டு மாசமாச்சும் ஆகும்." மூக்கை உறிஞ்சினாள். "கெணத்தோர மரத்துல பழம் இருக்குதுங்களா?"

"ஒண்ணு விட்டு வெச்சிருக்கறேன். நீ வாரதுக்குள்ள அழுவிரும். அழுவட்டும், நீ வா."

திரும்பிப் பார்த்தார். அம்சவேணி மைல்கல்லுக்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, கன்னமெல்லாம் ஈரம். செல்லை அவர் கையிலிருந்து பிடுங்குவதற்கு முன்னால் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எவனோ வெள்ளைக்காரன் செத்ததுக்கு மலையவே அழ வெக்கத் தெரிஞ்சுது. பெத்த புள்ளய வான்னு கூப்பிட இந்த வாயி இத்தன நாளா எங்கீங்க போயிருந்துச்சு?"

குப்புசாமி செல்லை விட்டுக்கொடுத்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார். மகளின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது.